பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே

தேங்காயை எல்லாரும் நூறு வரை எண்ணுவார்கள். நூறு ஆனதும் ஒரு காயை அடையாளத்துக்காக ஓரமாக ஒதுக்கிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை எந்தத் தேங்காய் மடுவத்துக்குப் போனாலும் இதுதான் வழக்கம். எங்கள் மடுவத்தில் காய் எண்ணுகிற இவர் மட்டும் இருபத்துநாலு வரைதான் எண்ணுவார். இருபத்துநாலாவது காய் லொறிக்குள் விழுந்ததும் ஒன்றை ஒதுக்கிப் போட்டுவிட்டுத் திரும்பவும் ஒன்று என்று தொடங்குவார். பொழுது சாயும் நேரம் முதலாளி ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒதுக்கின காய்களை இருபத்துநாலால் பெருக்கி வியர்த்துக்கொண்டிருப்பார்.

“காக்கா, உலகம் முழுக்க நூறு. உங்களுக்கு மட்டும் என்ன இருவத்திநாலு?”

“ஒரு நாளுக்கு மணித்தியாலம் எத்தன முதலாளி? இருவத்திநாலு முடிஞ்சா என்ன அடிக்குது? ஒண்டுதானே. மணிக்கூட்டோட யாரும் சண்டைக்குப் போறாங்களா?”

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவரை நிற்பாட்டவில்லை. அவர் எண்ணும் நாட்களில் லொறி சீக்கிரம் நிறைந்தது. கூலிக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே அலுப்புத் தெரியாமல் காய் வீசினார்கள். ஏனென்றால் அவர் வெறும் எண்ணைச் சொல்லுகிற ஆளில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு விஷயம் வைத்திருந்தார்.

“ஒண்டு. படைச்சவன் ஒருத்தன். ஒண்டுல பள்ளிக்குள்ள பூந்த பூனை.”

“ரெண்டு. ஒட்டகத்துல ரெண்டு திமில் உள்ளதும் இருக்கு. ரெண்டுல வாப்பாக்கும் மகனுக்கும் ஒரே சோடிச் செருப்பு.”

“மூண்டு. கணவாய்க்கு இருதயம் மூண்டு. மூண்டுல தும்முற ஆடு.”

முதல் பாதி அறிவு. கணவாய் மீனுக்கு மூன்று இருதயம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டு, நம்பாமல் சிரித்திருக்கிறேன். இரண்டாம் பாதி என்னவென்று மடுவத்தில் ஒருவருக்கும் விளங்காது. விளங்காததால்தானோ என்னவோ, அதற்குத்தான் கூடுதலாகச் சிரிப்பார்கள். எட்டில் சிலந்திக்கு எட்டுக் கால், எட்டில் மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு மூக்கைத் தேடின மாமி. பன்னிரண்டில் வருடத்துக்கு மாதம், பன்னிரண்டில் பற்றரி இல்லாத ரேடியோவைத் தூசு தட்டுகிறவர். பதினாலில் பதினாலாம் இரவுச் சந்திரன், பதினாலில் அழகான பொம்பிளை, ஆனால் வாய் திறந்தால் போச்சு.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. மடுவத்தில் காக்கா, பெரியவர்களுக்கு நானா, இரண்டும் அண்ணன்தான்; நாங்கள் மாமா என்போம், மற்ற எல்லாருக்கும் அவர் ‘இருவத்திநாலு’. எங்களைப் போலவே அவரும் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றிலிருந்து தோணியில் வந்து இறங்கியவர். அந்தத் தோணியில்தான் உம்மாவும் வந்தார். நான் உம்மாவின் வயிற்றில் வந்தேன். அதனால் ஊர் என்று மற்றவர்கள் பெருமூச்சு விடும்போது எனக்கு வராது. எனக்கு ஊர் என்றால் பாலாவிச் சந்தியின் லொறிப் புழுதியும் உப்பளத்தின் வெள்ளையும் களப்புக் காற்றும்தான்.

குடியிருப்பில் எங்களுக்குத் தண்ணீர் பவுசர் லொறியில் வரும். வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே வாளிகள் வரிசையில் நிற்கும். யார் முதலில் வந்தாலும் வரிசை மாறாது என்பதுதான் அதில் வேடிக்கை. உம்மா விடியற்காலையிலேயே போய் நின்றாலும் எங்கள் வாளி பதினேழாவது. பிந்திப் போனாலும் பதினேழாவதுதான். நோன்புக் கஞ்சி ஊற்றும்போதும், ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி பிரிக்கும்போதும் அதே வரிசைதான். மாமாதான் வரிசைக்குப் பக்கத்தில் நடந்து எண்ணிக்கொண்டு போவார். பிள்ளைகள் நாங்கள் அவர் பின்னால் கோரஸ் பாடுவோம்.

“பதினாறு!”

“நாலை ரெண்டுதரம் போட்டுப் பெருக்கினாலும் பதினாறு, ரெண்டை நாலுதரம் போட்டுப் பெருக்கினாலும் பதினாறு! பதினாறுல கோழிக்கெல்லாம் பேர் வச்சவ!”

“பதினேழு!”

“ஒரு நாள் பர்ளுத் தொழுகைக்கு ரக்அத்து பதினேழு! பதினேழுல நல்ல தண்ணி!”

நான்தான் நல்ல தண்ணி. பள்ளிக்கூடத்தில் கூட என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் கூட்டாளி ஒருத்தி மூன்று. தும்முற ஆடு என்று கூப்பிட்டால் அழுவாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவே ஒரு விஷயம் எனக்கு அப்போதே உறுத்தியது. பதினாறு சொன்னதும் அவர் நிற்பார். தொப்பியைக் கழற்றுவார். நெற்றியைத் துடைப்பார். தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டு அதன் பிறகுதான் பதினேழு. மழையிலும் இதே. மடுவத்து நிழலிலும் இதே. லொறிக்குள் நிற்கிறவன் கையை நீட்டிக்கொண்டு, “காக்கா, காயைப் போடுங்களன்” என்று கத்துவான். அவருக்குக் காது கேட்காது. கண் எங்கேயோ இருக்கும். சிரிப்பு முகத்தில் இருக்கும், ஆனால் ஆள் இல்லை.

வாளி வரிசையிலும் பதினாறாவது வாளிக்கும் எங்கள் வாளிக்கும் நடுவே எப்போதும் ஒரு வாளி வைக்கிற அளவுக்கு இடம் கிடக்கும். நெருக்கியடித்து நிற்கிற வரிசையில் அந்த இடம் மட்டும் காலி. ஒருநாள் நான் வாளியைத் தள்ளி அந்த இடைவெளியை மூடினேன். உம்மா என் கையில் ஒன்று போட்டு வாளியைப் பழைய இடத்துக்கு இழுத்தார்.

“ஏன்மா? இடம் சும்மாதானே கிடக்கு?”

“நெருக்கினா தண்ணி சிந்தும்.”

காலி வாளியில் எப்படித் தண்ணீர் சிந்தும் என்று கேட்க வாயெடுத்தேன். பதினாறாம் வாளிக்காரி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மாமா தனி ஆள். கல்யாணம் கட்டவில்லை. குடிசைகள் போய்க் கல்வீடுகள் வந்தபோது அவருக்கும் ஒன்று கிடைத்தது. கிடைத்த கிழமையே கதவைக் கழற்றி, இரண்டு கல்லின் மேல் வைத்து உட்காருகிற வாங்காக்கினார். வாசலில் ஒரு சாக்குத்தான் தொங்கியது. நாயும் கோழியும் உள்ளே போய் வந்தன. கள்ளன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், “வந்து என்ட நம்பரெல்லாம் கட்டிக்கொண்டு போகட்டும்” என்பார். எல்லாரும் சிரிப்போம். ஆனால் அவரைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததும் ஒரு கதவு விஷயத்தில்தான்.

நான் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த உம்மா திரும்பி, “கதவு பூட்டினியா?” என்று கேட்டார். நான் பூட்டவில்லை. திரும்பி ஓடப் போனவளின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மாமா. எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. அவர் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

“போகாத. திறந்தே கிடக்கட்டும்.”

“விடுங்க மாமா, நோகுது.”

“போகாத எண்டு சொல்றேனே!”

அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. உம்மா ஓடிவந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “போகல்ல நானா, அவ போகல்ல, நானும் இனிக் கேக்க மாட்டேன்” என்று மெதுவாகச் சொல்லி அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அன்று எங்கள் வீடு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. அந்தக் கேள்வியை உம்மா என்னிடம் பிறகு கேட்கவேயில்லை.

எண்களின் இரண்டாம் பாதி எனக்கு விளங்கியது ஒரு கல்யாண வீட்டில். வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர், “எங்கட ஆடு சும்மா தும்முறதில்ல, பாங்கு சொல்றப்பதான் தும்மும்” என்று சொல்ல, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த ஆடு உண்மையான ஆடு. எண்களெல்லாம் வீடுகள். ஊரில் பள்ளிவாசலிலிருந்து கடல் வரை போகிற ஒரு ஒழுங்கை, அதன் ஒரு பக்கத்தில் வரிசையாக வீடுகள், முதலாம் வீட்டுப் பூனை, இரண்டாம் வீட்டுச் செருப்பு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஆக அவர் எண்ணியது அந்த ஒழுங்கையின் பெண்களை. பதினேழாம் வீடு உம்மாவின் வீடு. அதன் கிணறுதான் நல்ல தண்ணி. ஒழுங்கையில் மற்ற எல்லாக் கிணறும் உப்பாம்.

அன்றே ஓடிப்போய்க் கேட்டேன். “மாமா, அப்ப உங்கட வீடு எத்தனையாம் நம்பர்?”

அவர் தேங்காய் நாரைக் கையில் திரித்துக்கொண்டிருந்தார். “எண்ணுறவனுக்கு நம்பர் இல்ல மகள்” என்றார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்தது. ஊரைப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். முதல் பயணத்துக்கு வயதானவர்கள் வரவில்லை. பாதை மோசம், காடு, பாம்பு என்று காரணம் சொன்னார்கள். இளம் ஆட்கள் நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். நாங்கள் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒழுங்கை மனப்பாடம். பள்ளிவாசலின் அரைச் சுவரிலிருந்து தொடங்கி உடைமுள்ளை வெட்டிக்கொண்டு போனோம். வீடுகள் இல்லை. சீமெந்துத் தளங்கள் மட்டும் மண்ணுக்குள் கிடந்தன. ஒவ்வொரு தளமாகக் கண்டுபிடித்து, “மூண்டு, தும்முற ஆடு!” என்று கத்திக் கம்பு நட்டோம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பாட்டைப் பாடிக்கொண்டு ஊருக்குள் போகிறோம்.

பதினேழாம் தளத்தில் நானே கம்பு நட்டேன். வாசல்படி இருந்த இடத்தில் மண்ணைக் கிளறியபோது ஒரு பித்தளைப் பூட்டுக் கிடைத்தது. பூட்டியபடி. அதோடு ஒட்டிக்கொண்டு துருப்பிடித்த கொண்டியும், கதவு மரத்தைக் கறையான் தின்று மிச்சம் விட்ட ஆணிகளும். உம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த வளவில் கிணறு இல்லை. கிணறு அடுத்த வளவில் இருந்தது, பதினெட்டாம் வீட்டு மாமியின் மகன் கம்பு நட்ட இடத்தில்.

“கிணறு எங்கட” என்றேன்.

“மாமாட கணக்கு பொய்யா? பதினெட்டுலதான் இருக்கு. கண்ணால பார்க்கிறாய்தானே?” என்றான் அவன்.

சண்டை பிடித்துக்கொண்டே கடல் வரை போனோம். இருபத்துநாலாம் கம்பும் நட்டு முடிந்தது. அதற்கு அப்பால், கடலுக்கு முன்னால், இன்னொரு தளம் கிடந்தது. திரும்பப் பள்ளியடியிலிருந்து எண்ணினோம். இருபத்தைந்து தளம். ஆட்கள் இருபத்துநாலு.

“ஜின்னுக்கும் ஒண்டு கட்டினாங்க போல” என்று ஒருவன் பகிடி விட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. வெயில் உச்சியில் நின்றது, காற்றும் இல்லை, ஆனாலும் எல்லாரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தோம்.

வீட்டுக்கு வந்து பூட்டை உம்மாவின் கையில் வைத்தேன். “எங்கட வீட்டுப் பூட்டு” என்றேன். உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கட இல்ல. நாங்க பூட்டல்ல. ஒருத்தரும் பூட்டல்ல. திறந்து கிடந்தா கதவை உடைக்க மாட்டாங்க எண்டு உன்ட வாப்பா சொன்னார்.”

அவ்வளவுதான். அலுமாரியைத் திறந்து துணிகளுக்கு அடியில் பூட்டை வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை நில அளவைக்காரர் போய் எல்லைக் கட்டை அடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. கட்டை அடித்தால் அடித்ததுதான். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு, உம்மாவுக்கு நான் ஒருத்தி. அந்தக் கிணறு இல்லாமல் அந்த உப்பு மண்ணில் நாங்கள் எப்படி இருப்பது? உம்மாவிடம் நியாயம் கேட்கச் சொன்னேன்.

“போனாப் போகட்டும்” என்றார்.

“இவ்வளவு காலம் நல்ல தண்ணி நல்ல தண்ணி எண்டு வாளியோட நிண்டது எதுக்கு? வாயைத் திறந்து கேளுங்களன்! பதினெட்டு மாமிக்கும் தெரியும்தானே கிணறு ஆர்ட எண்டு? அவவும் ஏன் பேசாம இருக்கா?”

“அவவால சொல்ல ஏலாது. என்னாலயும் ஏலாது. சொன்னா அந்த வீட்டை எண்ண வேணும்.”

அன்றுதான் உம்மா சொன்னார். பதினாறாம் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வீடு இருந்தது. மாமா தன் ஒரே தங்கைக்குக் கட்டிக் கொடுத்த வீடு. தங்கையைக் கரைசேர்த்துவிட்டுத்தான் தனக்குக் கல்யாணம் என்று இருந்தவர், அந்த வீட்டின் பக்க அறையில்தான் படுப்பார். தங்கைக்கு மறதி. எங்கே போனாலும் கதவு பூட்ட மறந்துவிடுவாள். இவரே ஒரு பித்தளைப் பூட்டு வாங்கிக் கொடுத்தார். அதையும் மறந்தாள். “கதவு பூட்டினியா?” என்று அவளைக் கேட்பது ஒழுங்கைக்கே பகிடி.

“வெளியேறச் சொன்ன அண்டைக்குக் கரையில தோணிக்கு நிண்டோம். அழுது அழுது ஒருத்தருக்கும் முகம் இல்ல. எங்களைச் சிரிக்க வைக்கத்தான் அவர் கேட்டார், ‘கதவு பூட்டினியாடி’ எண்டு. சிரிச்சோம் மகள். அந்த நேரத்திலயும் எல்லாரும் சிரிச்சோம். அவ முகம் சின்னதாப் போயிட்டு. கைப்புள்ளைய இடுப்புல வச்சிக்கொண்டு திரும்பி ஓடினா. வேணாம் வா, வா எண்டு இவர் கத்தினார். தோணிக்காரன் நிக்க மாட்டேன் எண்டுட்டான். மத்த ஆம்புளைகள் தரையால போயிட்டாங்க, எங்களுக்கு ஆம்புளைத் துணை வேணும் எண்டு இவரப் பிடிச்சு ஏத்திட்டாங்க. அடுத்த தோணியில வருவா எண்டாங்க.”

“வந்தாவா?”

“அடுத்த தோணி கரை சேரல்ல. அதுல ஆரார் ஏறினாங்க எண்டு சொல்ல ஒருத்தரும் மிஞ்சல்ல. அவ தோணியில ஏறினாளா, பிந்திப்போய்ப் புள்ளையோட அந்த வீட்டுக்குள்ளயே இருந்துட்டாளா, அது அவருக்குத் தெரியாது. இங்க வந்து இறங்கி ஆட்களை வீட்டு வரிசைப்படி எண்ணக்குள்ள பதினாறு சொன்னார், நிண்டார், தொப்பியைக் கழட்டினார். பிறகு என்னைப் பார்த்துப் பதினேழு எண்டார். நான் பேசாம இருந்தேன். எல்லாரும் பேசாம இருந்தோம். அப்பிடியே பழகிட்டு.”

நான் அலுமாரியைப் பார்த்தேன். உம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “போனாப் போகட்டும்மா” என்று நானும் சொன்னேன்.

ஆனால் சண்டை அதற்குள் கைமீறிவிட்டது. பதினேழுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழப்பம். ஒருவருடைய கொட்டில் இன்னொருவர் வளவில், ஒருவருடைய முருங்கை இன்னொருவர் எல்லையில். பெரியவர்கள் எல்லாரும் வாயில் கொழுக்கட்டை வைத்திருக்க, இளசுகள் கத்திக்கொண்டிருந்தன. கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார் மாமாவைப் போய்க் கண்டார்.

“எல்லாரும் உன்ட கணக்கைத்தான் சொல்றாங்க. நீயே வந்து சொல்லிடு.”

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து களப்புக் கரையில் கூடினோம். களப்புக்கு அப்பால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நின்றது. கவிழ்த்துக் கிடந்த ஒரு தோணியைப் பள்ளிவாசலாக வைத்து, அங்கிருந்து தண்ணீர் வரை வீட்டுக்கு ஒரு பெண்ணாக வரிசையில் நின்றோம். மௌத்தானவர்களுக்குப் பதில் மகள்கள். நல்ல தண்ணிக் கிணற்றுக்கு அடையாளமாக ஒரு வாளியைப் பதினெட்டாம் மாமியின் மகன் கொண்டுபோய்த் தன் தாயின் காலடியில் வைத்தான். மாமி அதைக் குனிந்து பார்க்கவில்லை. களப்பைப் பார்த்தபடி நின்றார்.

மாமா தோணியடியிலிருந்து நடந்து வந்தார். “ஒண்டு. படைச்சவன் ஒருத்தன். ஒண்டுல பள்ளிக்குள்ள பூந்த பூனை.” வழமையான குரல்தான். சின்னப் பிள்ளைகள் கோரஸ் பாடினார்கள். மூக்குத்தி மாமியின் மகளைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டினார். ரேடியோவைத் தட்டினார். பதினாலுக்கு வந்து, “வாயைத் திறந்திடாதடி” என்றார். பெண்கள் சிரித்தார்கள். பதினைந்து. பதினாறு.

நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

பதினேழில் உம்மா நின்றார், அவரோடு ஒட்டிக்கொண்டு நானும் நின்றேன். அவர் எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் காலடியைப் பார்த்தார். பிறகு அடுத்த காலடியில் இருந்த வாளியைப் பார்த்தார். தொப்பியை மறுபடி வைக்கவில்லை.

“கிணறு ஏன் அங்க இருக்கு?”

மாமியின் மகன்தான், “உங்கட கணக்குத்தானே மாமா” என்றான். அவன் குரலிலும் பழைய வேகம் இல்லை.

“பரவாயில்ல நானா” என்றார் உம்மா. “இருக்கட்டும். பதினேழு எண்டு சொல்லிட்டுப் போங்க.”

அவர் உம்மாவின் முகத்தை வெகு நேரம் பார்த்தார். இத்தனை காலம் இந்தப் பெண்கள் தனக்காக என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தவர் மாதிரி இருந்தது. பிறகு உம்மாவின் தோளில் கைவைத்து மெதுவாகத் தள்ளினார்.

“தள்ளி நில்லு. எல்லாரும் ஒரு வீடு தள்ளி நில்லுங்க.”

உம்மா தள்ளி நின்றார். நான் தள்ளி நின்றேன். வாளி இப்போது எங்கள் காலடியில் இருந்தது. மாமி தள்ளி நின்றார். அப்படியே ஒவ்வொருவராக வரிசை முழுக்கக் களப்பை நோக்கி நகர்ந்தது. கடைசியில் நின்ற பெண் புதுச் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி நின்றாள். பதினாறுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் மணல் கிடந்தது. மாமா அதில் போய் நிற்கவில்லை. அதன் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தார்.

உம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் முடிந்து கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது. பூட்டை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“புள்ள எடுத்துக்கொண்டு வந்தா நானா. வாசல்படியில கிடந்ததாம்.”

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தரம், இரண்டு கையாலும் இழுத்தார். நன்றாகப் பூட்டியிருந்தது.

“பூட்டிட்டா” என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்து, ஒரு நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி, “அவ வீட்டுக்குள்ள இருக்கல்ல. பூட்டிட்டுத் தோணிக்கு வந்திருக்கா” என்றார். சொல்லி முடித்ததும்தான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பதினாறாம் மாமி அழத் தொடங்கினார், பிறகு எல்லாரும் அழுதோம். நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்காக நானும் விம்மி விம்மி அழுதேன்.

வெகு நேரம் கழித்து அவர் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். வெறும் மணலைப் பார்த்துச் சொன்னார்.

“பதினேழு. ஒரு நாள் பர்ளுத் தொழுகைக்கு ரக்அத்து பதினேழு. பதினேழுல பூட்டின வீடு.”

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு குட்டி மட்டும், “பதினேழுல பூட்டின வீடு” என்று மெல்லத் திருப்பிச் சொன்னது. அதன் பிறகு அவர் எங்களுக்கு முன்னால் வந்தார். “பதினெட்டு. வாக்குப் போடுற வயசு. பதினெட்டுல நல்ல தண்ணி.” அப்படியே எண்ணிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் நின்றவளிடம் முடித்தார். “இருவத்தஞ்சு. குர்ஆன்ல பேர் வந்த நபிமார் இருவத்தஞ்சு.”

கட்டை அடித்தார்கள். கிணறு எங்களுக்கு வந்தது. நாங்கள் இன்னமும் பாதி இங்கே, பாதி அங்கே. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். மடுவத்தில் அவர் இருபத்தைந்து வரை எண்ணத் தொடங்கினார். நான்கு காய் ஒதுக்கினால் நூறு. “இப்பதான் காக்காட கணக்கு உலகத்தோட சேர்ந்திருக்கு” என்று முதலாளி கதிரையில் சாய்ந்து பிளேன்டீ குடித்தார்.

அவர் ஊருக்குப் போகவில்லை. வேன் புறப்படும் ஒவ்வொரு தரமும் கூப்பிட்டோம். கடைசியாக நான் மடுவத்துக்கே போய்க் கேட்டேன். அவர் லொறிக்குக் காய் வீசிக்கொண்டிருந்தார்.

“உங்கட வீடும் இப்ப வரிசையில இருக்கு மாமா. வந்து ஒருக்காப் பாருங்களன்.”

“பதினாறு. கோழிக்கெல்லாம் பேர் வச்சவ” என்று காயை வீசினார். கை நிற்கவில்லை, தொப்பியைத் தொடவில்லை. “பதினேழு. பூட்டின வீடு.” அடுத்த காயை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வந்து என்ன செய்ய மகள்? வீடு பூட்டிக் கிடக்கு. சாவி அவகிட்ட.”

லொறிக்குள் நின்றவன் கையை நீட்டினான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பதினெட்டு என்று காயை வீசினார்.